மகளுக்கா, பீரோவுக்கா?

கேள்வி: அடுத்து வரவிருக்கும் ஆங்கிலச் சிறுவர் மாயாஜால நாவல் ஒன்றை மகளுக்காக முன்பதிவு செய்யலாம் என்றிருக்கிறேன். சிறுவர் அட்டை, பெரியவர் அட்டை, பக்க ஓரங்களில் வண்ணம் பூசிய சிறப்புப் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு என்று நாலு விதம் அறிவித்திருக்கிறார்கள். ‘முதல் பதிப்பில் நாலையும் வாங்கிப் போடுங்கள், பத்து வருடத்தில் நல்ல விலை போகும்’ என்கிறார்கள் ரசிகர்கள். வாங்கலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: மகளுக்கு ஒன்று போதும். மற்ற மூன்றும் உங்கள் பீரோவுக்கு.

‘நல்ல விலை’ ஆசை எங்கிருந்து கிளம்பியது? 1997 ஜூன் 26-ல் லண்டன் ப்ளூம்ஸ்பரி முதல் ஹாரி பாட்டரை வெளியிட்டபோது கெட்டி அட்டையில் அச்சடித்தது 500 பிரதிகள். அதில் பெரும்பகுதி நூலகங்களுக்குப் போய், முத்திரை குத்தப்பட்டு, பிள்ளைகள் கையில் நைந்தது. தப்பிப் பிழைத்த சுத்தமான பிரதி ஒன்று 2021 டிசம்பரில் அமெரிக்க ஏலத்தில் 4,71,000 டாலருக்குப் போனது. சரி. அதே வரிசையின் ஏழாவது நூல் 2007 ஜூலை 21-ல் வந்தபோது அமெரிக்காவில் மட்டும் முதல் அச்சு 1 கோடியே 20 லட்சம். அதுவும் முதல் பதிப்புதான்! யாரிடம் விற்பீர்கள்? வாங்க ஆசைப்படுகிற ஒவ்வொருவர் வீட்டிலும் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. எழுதியவரை யாருக்கும் தெரியாத காலத்தில் அச்சான நூலுக்குத்தான் அந்த விலை. முன்பதிவுக்கே கூட்டம் அலைமோதும் நூலுக்கு அல்ல.

பெரியவர் அட்டைக்கு வருவோம். 2007-ல் பிரிட்டிஷ் சிறுவர் பதிப்பின் மேலுறையில் மூன்று நண்பர்களும் புதையல் குவியலில் விழுந்துகொண்டிருந்தார்கள். பெரியவர் பதிப்பில் ஒரு லாக்கெட்டின் புகைப்படம். உள்ளே இரண்டும் அதே 607 பக்கம். ஒரு வரி கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. ரயிலில் சிறுவர் புத்தகத்தை விரிக்கக் கூச்சப்படுகிறவர்களுக்காக 1998-ல் தொடங்கிய ஏற்பாடு அது. உங்களுக்குக் கூச்சம் இருந்தால் வாங்குங்கள்.

அமெரிக்கப் பதிப்பு அப்படியல்ல, அது உண்மையிலேயே வேறு. அதே ஏழாவது நூல் அங்கே 759 பக்கம். எழுத்தமைப்பு தாராளம், அத்தியாயத் தலைப்புகளில் மேரி கிராண்ட்ப்ரே வரைந்த படங்கள். பிரிட்டிஷ் பதிப்பில் அந்தப் படங்கள் கிடையாது. வாசகத்திலும் கை வைப்பார்கள்: முதல் நூலில் மாணவர்களை விடுதிவாரியாகப் பிரிக்கும் காட்சியில் ஹாரியின் வகுப்புத் தோழன் டீன் தாமஸை அறிமுகப்படுத்தும் வரி அமெரிக்கப் பதிப்பில்தான் முதலில் வந்தது. பிரிட்டிஷ் எழுத்தாளர் ஃபிலிப் புல்மனின் 2000-ஆம் ஆண்டு நாவலிலோ, நாயகி லைராவுக்குள் பருவ உணர்வுகள் விழிப்பதைச் சொல்லும் சில வரிகள் அமெரிக்காவில் வெட்டப்பட்டன. ஆசிரியர் எழுதியபடியே வேண்டுமென்றால் அவர் சொந்த நாட்டுப் பதிப்பை எடுங்கள். மகளுக்குப் படம் பிடிக்குமென்றால் அமெரிக்கப் பதிப்பு. எதுவானாலும் வரிசை முழுக்க ஒரே நாட்டுப் பதிப்பாக இருக்கட்டும். நடுவில் மாறினால் அலமாரியில் உயரம் ஒத்துப்போகாது.

இன்னொன்று, சிறப்பு அட்டையை மகள் கண்ணில் காட்டுவதற்கு முன் யோசியுங்கள். ஏழாவது நூலின் அமெரிக்கச் சிறப்புப் பதிப்பில் மூவரும் டிராகன் மேல் பறந்துகொண்டிருந்தார்கள். கதையின் முக்கியமான கட்டம் ஒன்று கடைக்கு வருவதற்கு முன்பே காலி.

முதல் அச்சுதான் உயர்ந்தது என்ற எண்ணத்தையும் விடுங்கள். 2000 ஜூலை 8-ல் வந்த நான்காவது நூலின் கல்லறைக் காட்சியில், வில்லனின் மந்திரக்கோலால் இறந்தவர்கள் கடைசியாக இறந்தவரிலிருந்து பின்னோக்கித் தோன்ற வேண்டும். ஹாரியின் தாய் இறந்தது தந்தைக்குப் பிறகு. ஆகவே தாய்தான் முன்னால் வர வேண்டும். முதல் அச்சில் தந்தை முந்திக்கொண்டார். திருத்தியது பிந்தைய அச்சுகளில். படிப்பதற்கு எது மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.

எத்தனையாவது அச்சு என்று பார்க்க, பதிப்புரிமைப் பக்கத்தின் அடியில் எண் வரிசை இருக்கும். அதில் மிகச் சிறிய எண் எதுவோ அதுவே அச்சு எண். 10-லிருந்து 3 வரை மட்டும் இருந்தால் மூன்றாவது அச்சு. சில பதிப்பகங்கள் எண்களைக் கலைத்துப் போடும், அப்போதும் கணக்கு இதுதான். ‘கையெழுத்திட்ட பிரதி’ என்றால் தலைப்புப் பக்கத்திலேயே போட்டதா, உதிரித் தாள்களில் போட்டு வாங்கி பைண்டிங்கில் சேர்த்ததா, ஒட்டிய சீட்டா என்று கேளுங்கள். சேகரிப்பவர்கள் மதிப்பதும் பெரும்பாலும் அந்த வரிசையில்தான். பூதக்கண்ணாடியில் கையெழுத்து புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு. பரிசாகக் கொடுக்கிறோம் என்று மேலுறை மடிப்பில் விலை போட்ட மூலையைக் கத்தரிக்காதீர்கள், அந்த ஒரு வெட்டில் விலை இறங்கும்.

முன்பதிவில் பெயரை நம்பாமல் 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலு அட்டைக்கும் பெயர் ஒன்று, எண் வேறு. தவறான பிரதி வந்தால் திருப்பிக் கொடுக்க அதுதான் ஆதாரம். பிரித்ததும் அட்டை மூலைகள் நசுங்கியிருக்கிறதா, பக்கங்கள் விடுபட்டோ தலைகீழாகவோ கோத்திருக்கிறதா என்று திருப்பிக்கொடுக்கும் கெடு முடிவதற்குள் பார்த்துவிடுங்கள். ஓர வண்ணம் பூசிய பிரதியில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். இரு பக்கத்திலிருந்தும் சில தாள்களாக மெல்ல விரித்துக்கொண்டே நடுவுக்கு வர வேண்டும். பிளேடு வைத்துக் கீறினால் வண்ணம் பெயரும்.