பிளாட்டோ த பெய் ஏற்றம்: 7.2 வாட் எப்படி வந்தது?

2024 டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் பிளாட்டோ த பெய் என்ற பிரெஞ்சு மலையை ஏறும்போது, ஸ்லோவேனிய வீரர் போகாச்சார் தன் உடல் எடையில் கிலோவுக்கு 7.2 வாட் மிதித்ததாக நீங்கள் கணக்குப் போட்டிருக்கிறீர்கள்; அது அதிகம். 6.7 முதல் 7-க்குள்தான் இருக்கும்.

உங்கள் கால்குலேட்டர் அவர் அடிவாரத்திலிருந்தே தனியாகக் காற்றைக் கிழித்ததாக எடுத்திருக்கும். நிஜத்தில் கடைசி 5 கிலோமீட்டர் சொச்சம் வரை அடுத்தவர் முதுகுக்குப் பின்னால்தான், அதிலும் பாதி நேரம் போட்டியாளர் விங்கேகோர் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தார்.

புவியீர்ப்பை மட்டும் தனியாகப் போட்டுப் பாருங்கள். 15.8 கி.மீ., 7.9 சதவீதம், அதாவது சுமார் 1,250 மீட்டர் உயரம், ஏறத்தாழ 40 நிமிடம்: 1,250 × 9.81 (புவியீர்ப்பு முடுக்கம்) ÷ 2,400 நொடி = கிலோவுக்கு 5.1 வாட். சைக்கிளையும் அவர்தானே இழுக்க வேண்டும்: ஆள் 66 கிலோ, சைக்கிளும் சாமானும் 9 கிலோ என்றால், ஆள் எடைக்கு 5.8. மிச்சம் டயர் உராய்வும் காற்றும். அங்கேதான் ஆளாளுக்கு அடித்துவிடுகிறார்கள்.

ஆனால் லேசான பின்காற்று அடித்தாலே 0.2 மாறிவிடும். அப்புறம், ஊக்கமருந்தா இல்லையா என்பதை இந்த எண் சொல்லாது. இபிஓ என்ற, ரத்தச் சிவப்பணுவைக் கூட்டும் ஊக்கமருந்து புழங்கிய 1998இல், அந்த ஆண்டு டூரை வென்ற பந்தானிக்கே இங்கே 43 நிமிடத்துக்கு மேல் ஆனது.