பிஸ்கட் பெட்டிச் சுவர்

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் நடந்த ரோர்க்ஸ் டிரிஃப்ட் சண்டை பற்றிய உங்கள் குறிப்பில் லெப்டினன்ட் ஜான் சார்டை 'தெப்பம் பழுதுபார்க்க வந்தவர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சுமார் 150 பேரை வைத்துக்கொண்டு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சூலு வீரர்களைத் தடுத்து, பிரிட்டனின் உச்ச வீர விருதான விக்டோரியா சிலுவை வாங்கிய மனிதர். வெள்ளைக்காரர் என்பதால் இந்த இளக்காரமா?
– ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

இளக்காரமெல்லாம் இல்லை. அவர் அந்த வேலைக்குத்தான் வந்தார். ராயல் எஞ்சினியர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் ஆள். பஃபலோ ஆற்றைப் படை கடக்கும் தெப்பங்களைச் சரிசெய்ய வேண்டும், அவ்வளவுதான். 1879 ஜனவரி 22 மதியம், அங்கே பொறுப்பிலிருந்த மேஜர் ஸ்பால்டிங் வெளியே கிளம்பினார். சார்டா, அங்கிருந்த காலாட்படைக் கம்பெனியின் லெப்டினன்ட் பிரோம்ஹெட்டா, யார் சீனியர் என்று படைப்பட்டியலைப் புரட்டினார். சார்டுக்குத்தான் சர்வீஸ் கூடுதல். சரி, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்றும் நடக்காது, சாயங்காலம் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதை எழுதிவைத்ததே சார்ட்தான்.

அதே நாளில் சில மைல் தள்ளி இசாண்டில்வானாவில் பிரிட்டிஷ் முகாம் அழிந்தது. 1300 பேருக்கு மேல் சாவு. சேதி வந்ததும், ரோர்க்ஸ் டிரிஃப்ட் ஆஸ்பத்திரியில் இருந்த நோயாளிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. வண்டி வேகத்துக்கு வெட்டவெளியில் மடக்கிவிடுவார்கள், இங்கேயே நிற்பதுதான் வழி என்றவர் உணவுக் கிடங்கைப் பார்த்துக்கொண்ட ஜேம்ஸ் டால்டன், பழைய சார்ஜென்ட். சார்ட் அப்போது ஆற்றங்கரையில். அவர் வந்து சேரும்போது மக்காச்சோள மூட்டைகள் மதிலாக ஏறிக்கொண்டிருந்தன.

அப்புறம்தான் சார்டின் பங்கு. கூட இருந்த, பிரிட்டிஷ் காலனியான நேட்டாலின் உள்ளூர்ப் படை ஓடிப்போனது. மிச்சமிருக்கும் ஆட்களுக்கு இந்த மதில் ரொம்பப் பெரிது என்று கண்டு, குறுக்கே பிஸ்கட் பெட்டிகளை அடுக்கச் சொன்னார். இரண்டு பெட்டி உயரம்கூட முடியவில்லை, தாக்குதல் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கூரை பற்றி எரிந்தபோது அந்தச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கித்தான் விடியும்வரை தாக்குப்பிடித்தார்கள். தோள் நொறுங்கிப்போன ஹிட்ச் என்ற சிப்பாய் ராத்திரியில் தோட்டா சுமந்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஆள் போதாது என்று கணக்குப் போட்டு இடத்தைச் சுருக்கியது இருக்கிறதே, எனக்கு அதுதான் பெரிய தைரியமாகத் தெரிகிறது.

மொத்தம் 11 பேருக்குச் சிலுவை. முதல் பட்டியலில் டால்டன் பெயர் இல்லை, பிறகுதான் வந்தது. இசாண்டில்வானா அவமானத்தை மூடத்தான் இப்படி வாரிக்கொடுத்தார்கள் என்பார்கள். அதில் எனக்குப் பாதி சம்மதம். இன்னொன்று: சூலு நாட்டுக்குள் 11 நாள் முன்பு படையெடுத்து நுழைந்தது பிரிட்டன்தான். காயம்பட்டுக் கிடந்த சூலுக்களைச் சண்டை ஓய்ந்தபின் கொன்றார்கள்; விருதுக் குறிப்புகளில் அது கிடையாது.

குறிப்பில் பிஸ்கட் பெட்டியைச் சேர்த்துவிடுகிறேன். தெப்பம் அப்படியே இருக்கட்டும்.