ஊர்ப் பானையில் வெந்த சோறு

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன திருச்செந்தூர்–சென்னை ரயிலில் நானும் என் தாயாரும் இருந்தோம். பக்கத்துப் புதுக்குடி ஊரார் சோறாக்கி எங்களுக்கெல்லாம் போட்டார்கள். அம்மா பணத்தை நீட்டியபோது, பரிமாறிய பெண்மணி, “மொதல்ல சாப்பிடுங்கம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டார். வெள்ளம் அவர்களையும்தானே சூழ்ந்திருந்தது? அவர்களால் இது எப்படி முடிந்தது? இந்தக் கடனை நாங்கள் எப்படித் தீர்ப்பது?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டிய நேரம் அது. செய்துங்கநல்லூர் செல்லும் பாதையில் ஜல்லியும் மண்ணும் அரித்துக்கொண்டு போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியதால், டிசம்பர் 17 இரவு உங்கள் ரயில் நிறுத்தப்பட்டது. சுமார் 800 பயணிகளில் ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளிக்கு அனுப்பப்பட, சாலையும் துண்டிக்கப்பட்டு ஏறக்குறைய 500 பேர் நிலையத்திலேயே சிக்கிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலங்கள் வந்து சேர்வதற்கு முன்பே புதுக்குடியில் அடுப்பு மூட்டியாகிவிட்டது.

வீட்டுக்கு வீடு இருந்த அரிசியையும் பருப்பையும் கொண்டுவந்து பத்ரகாளியம்மன் கோயிலில் வைத்து அவர்கள் சமைத்தார்கள். இதில் கோயில் என்பதைக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தென்மாவட்டங்களில் அம்மன் கோயிலுக்குக் கொடை என்னும் திருவிழா நடத்தும் ஊர்களில் பெரிய அண்டாக்களும், நூற்றுக்கணக்கானோருக்கு உலை வைத்துப் பழகிய கைகளும், யார் வீட்டில் என்ன கேட்கலாம் என்று அறிந்த பெரியவர்களும் எப்போதும் இருப்பார்கள். இரக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் மழை விடாமல் பெய்யும்போது அந்த இரக்கத்தைச் சில மணி நேரத்தில் சோறாக்க, பல தலைமுறையாகச் சேர்ந்து சமைத்த பழக்கம் தேவைப்படுகிறது. மறுநாள் தங்களுக்கு அரிசி எங்கிருந்து வரும் என்று தெரியாத நிலையிலும் அவர்கள் பானையைக் கவிழ்த்துக் கொடுத்தார்களே, அதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு நிறைந்துபோகிறது.

அந்தப் பெண்மணி பணத்தை வாங்காததில் வியப்பில்லை. பசித்தவருக்குப் போட்ட சோற்றுக்குக் காசு வாங்கினால் அவரே ஊரில் தலைகாட்ட முடியாது. ஆகவே தனி ஒருவர் கையில் பணத்தைத் திணிக்காதீர்கள். அடுத்த கொடைக்குத் தாயாரை அழைத்துக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்; ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, கோயிலுக்கு ஓர் அண்டாவோ இரண்டு மூட்டை அரிசியோ வாங்கிக் கொடுங்கள். பொதுவுக்குக் கொடுப்பதை மறுக்க மாட்டார்கள்.

2015இல் உங்கள் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் தெருவில் பெரிய பாத்திரமும் கேஸ் அடுப்பும் யாரிடம் இருக்கின்றன, நூறு பேருக்குச் சமைக்கத் தெரிந்தவர் யார் என்று அடுத்த ஐப்பசி பிறப்பதற்குள் அக்கம்பக்கத்தாரோடு கூடிப் பேசிவையுங்கள்.