அடுக்கும் அணியும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தொலைநிலைக் கல்வியில் ஆங்கில இலக்கியம் முதுகலை படித்துவருகிறேன். இந்தப் பருவத்தில் நடையியல் ஒரு தாளாக இருக்கிறது. அதில் ஓர் அலகு முழுவதும் அணிகள். மெட்டஃபர், மெட்டானமி, ஸூக்மா, ஆக்ஸிமோரான் என்று நீளும் பட்டியல். அடுத்த அலகு சொற்களஞ்சியத்தின் அடுக்குகள். பேச்சுவழக்கு, பொதுநிலை, நூல்வழக்கு என்று மூன்று கட்டங்கள் போட்டு 'கிட், சைல்ட், இன்ஃபன்ட்', 'கோ ஆன், கன்டின்யூ, ப்ரொசீட்' என எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் ஒரு நாவலின் பக்கத்தைக் கையில் எடுத்தால் வரிகளுக்குப் பெயர் ஒட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்ய வரவில்லை. இந்த இரண்டு அலகுகளுக்கும் தொடர்பு உண்டா? நூல்வழக்கு என்றால் இலத்தீன் சொற்கள், பேச்சுவழக்கு என்றால் பழைய ஆங்கிலச் சொற்கள் என்று நான் புரிந்துகொண்டது சரியா? நல்ல ஆங்கிலம் என்பது சின்னச் சொற்களால் எழுதுவது என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். நண்பர் ஒருவருக்கு அனுப்பிய மின்னஞ்சலில், ஒரு நாவலைப் படிக்க 'கமென்ஸ்' செய்துவிட்டேன் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அவர் சிரித்தார். அதில் என்ன பிழை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

பெயர் ஒட்டும் வேலையில் உங்களுக்கு வந்திருக்கும் சலிப்பு, நல்ல வாசகருக்கு வரவேண்டிய சலிப்புதான். அணிகளை ஓர் அலகிலும் அடுக்குகளை இன்னோர் அலகிலும் பிரித்துக் கற்பிப்பது தேர்வுக்கு வசதியாக இருக்கலாம். ஆனால் ஆங்கில எழுத்தில் ஓர் அணி வலுப்பெறும் இடம், பெரும்பாலும், வாக்கியம் ஓர் அடுக்கிலிருந்து மற்றோர் அடுக்குக்கு ஏறுகிற அல்லது இறங்குகிற இடமாகவே இருக்கிறது என்பது என் எண்ணம். பட்டியலில் உருவகம் எங்கே வந்தாலும் உருவகம்தான். பக்கத்தில் அது எந்த அடுக்கின் சொற்களால் ஆனது என்பதைப் பொறுத்து வேறு வேறு காரியங்களைச் செய்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனைப் பற்றி அவருடைய நண்பர் பாஸ்வெல் எழுதி 1791இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. 'தி ரிஹர்சல்' என்னும் பழைய நகைச்சுவை நாடகத்தைப் பற்றி ஜான்சன், 'இட் ஹாஸ் நாட் விட் இனஃப் டு கீப் இட் ஸ்வீட்' என்றார். கெடாமல் காப்பாற்றும் அளவுக்கு அதில் நகைத்திறன் இல்லை என்பது பொருள். 'ஸ்வீட்' என்பது இங்கே இனிப்பைக் குறிக்கவில்லை; உணவுப்பொருள் கெட்டுப்போகாமல் இருக்கும் நிலையைக் குறிக்கும் பழைய வழக்கு அது. சொல்லி முடித்ததும், வாக்கியம் மிக எளிமையாகப் போய்விட்டது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். உடனே தம்மைத் திருத்திக்கொண்டு, அழுகிப்போகாமல் காக்கும் அளவுக்கு அதில் உயிர்ப்பு இல்லை என்று பொருள்படும்படி, 'இட் ஹாஸ் நாட் வைட்டாலிட்டி இனஃப் டு ப்ரிசர்வ் இட் ஃப்ரம் ப்யூட்ரிஃபேக்‌ஷன்' என்றார்.

அணி என்று பார்த்தால் இரண்டிலும் இருப்பது ஒரே உருவகம்: நாடகம் ஒரு பண்டம், அது அழுகிவிட்டது. முதல் வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லும் பழைய ஆங்கிலத்திலிருந்து வந்தது. இரண்டாவதில் பொருளைத் தாங்கும் மூன்று சொற்களும் இலத்தீனின் வழித்தோன்றல்கள். இந்த மாற்றத்தால் நேர்ந்தது என்ன? உருவகம் சமையலறையிலிருந்து உடற்கூறாய்வு மேசைக்கு இடம் மாறிவிட்டது. முதல் வாக்கியத்தில் 'விட்' என்ற சொல் உப்பின் இடத்தில் நின்று, நாடகத்தின் குறை நகைத்திறன் இல்லாமை என்பதைத் துல்லியமாகச் சுட்டியது. 'வைட்டாலிட்டி' வந்தவுடன் அந்தத் துல்லியம் நழுவி, எந்த நூலைப் பற்றியும் சொல்லிவிடக்கூடிய பொதுக் குறையாக அது தேய்ந்துவிட்டது. என் கணிப்பில் முதல் வாக்கியமே உயர்ந்தது. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பதில் ஒரு தனி வேடிக்கை இருக்கிறது. ஒருவர் நம் கண்ணெதிரே சட்டைக்கு மேல் பட்டமளிப்பு அங்கியை எடுத்து மாட்டிக்கொள்வதைப் பார்ப்பது போன்றது அது. உங்கள் இரண்டு அலகுகளும் சந்திக்கும் இடம் இதுதான்.

நூல்வழக்கையும் இலத்தீனையும் ஒன்றாகக் கருதும் குழப்பத்துக்கு நீங்கள் மட்டும் காரணமில்லை. பாடநூல்களில் பலவும் அதற்கு இடம் கொடுக்கின்றன. சொற்களை அடுக்குகளாகப் பிரிக்க இரண்டு வெவ்வேறு அளவுகோல்கள் உண்டு: ஒன்று சொல்லின் பிறப்பு, மற்றொன்று அதன் புழக்கம். தொல்காப்பியம் 'இயற்சொல் திரிசொல் திசைச்சொல் வடசொல்' என்று நான்காக வகுக்கும்போது, முதல் இரண்டும் சொல் எவ்வளவு இயல்பாக விளங்குகிறது என்பதையும், பின் இரண்டும் அது எங்கிருந்து வந்தது என்பதையும் ஒட்டியே அமைந்திருக்கின்றன. ஆங்கிலத்திலும் இவ்விரண்டு அளவுகோல்களும் அருகருகே கிடப்பதால்தான் மாணவர்கள் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள்.

பிறப்பின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய ஆங்கிலத்தின் மேல் வந்து படிந்தது ஸ்காண்டிநேவியர்களின் மொழி. 'ஸ்கை', 'எக்' போன்ற சொற்களோடு, 'தே', 'தெம்' என்ற பிரதிப்பெயர்களையும் அது தந்தது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சின் கைக்குப் போயின. வழக்குகளை ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று 1362இல் கொண்டுவரப்பட்ட சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது என்பது வரலாற்றின் குறும்புகளில் ஒன்று. பின்னர் மறுமலர்ச்சிக் காலத்து அறிஞர்கள் இலத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் நேரடியாகச் சொற்களை அள்ளிவந்தார்கள். அதன் விளைவாகக் கேட்பது என்ற ஒரே செயலுக்குப் பழைய ஆங்கிலத்தின் 'ஆஸ்க்', பிரெஞ்சு வழி வந்த 'க்வெஸ்சன்', இலத்தீன் வழி வந்த 'இன்டெராகேட்' ஆகிய மூன்றும் இன்று ஆங்கிலத்தில் இருக்கின்றன. மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று என்று எண்ணிவிடாதீர்கள். நண்பர் கேட்பதும், ஆசிரியர் துருவிக் கேட்பதும், காவலர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கேட்பதும் ஒன்றாகுமா?

உங்கள் பாடத்தில் வரும் மூன்று கட்டங்கள் இந்தக் கதையிலிருந்து வந்தவை அல்ல. சோவியத் மொழியியலாளர் கல்பெரின், 1970களில் மாஸ்கோவிலிருந்து ஆங்கிலத்திலேயே வெளிவந்த தம் நடையியல் நூலில் பரப்பிய பகுப்பு அது. அவர் பிறப்பைப் பார்க்கவில்லை. சொல் எந்தச் சூழலில் இயல்பாக நிற்கிறது என்பதைப் பார்த்தார். இரண்டு அளவுகோல்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், கோடுகள் பொருந்தாது. பகைவனைக் குறிக்கும் 'ஃபோ' பழைய ஆங்கிலச் சொல். இன்று அது கவிதைக்கும் செய்தித்தாள் தலைப்புக்கும் உரியது. பிரெஞ்சிலிருந்து வந்த 'எனிமி'தான் எல்லாரும் பேசும் பொதுச்சொல். பள்ளத்தாக்குக்குப் பழைய ஆங்கிலம் தந்த 'டேல்' பாட்டில் ஒதுங்கிவிட்டது; பிரெஞ்சு தந்த 'வேலி' நிலப்படங்களை ஆள்கிறது. மறுபுறம், கும்பலைக் குறிக்கும் 'மாப்' என்ற சொல் 'மொபைல் வல்கஸ்' என்ற இலத்தீன் தொடரை வெட்டிச் சுருக்கிய கொச்சை வழக்காகத் தொடங்கியது. அது பரவுவதைத் தடுக்கத் தாம் செய்த முயற்சியைப் பற்றி ஜொனாதன் ஸ்விஃப்ட் 1710இல் எழுதினார், ஆனால் சொல் அவரைப் பொருட்படுத்தவில்லை. 'பஸ்' என்பதோ 'ஆம்னிபஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வெறும் வால்.

ஆகவே வேர்ச்சொல் அகராதியை வைத்து எண்ணிக்கை போடும் விமர்சனத்தை நான் நம்புவதில்லை. 1940 ஜூன் 4 அன்று சர்ச்சில் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையில், 'வீ ஷல் ஃபைட்' என்ற தொடக்கம் திரும்பத் திரும்ப வந்து 'வீ ஷல் நெவர் சரண்டர்' என்று முடியும் வாக்கியத்தைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். சொற்களெல்லாம் பழைய ஆங்கிலம், கடைசிச் சொல் மட்டும் பிரெஞ்சு, அதனால்தான் அது உறைக்கிறது என்பார்கள். அந்த வாக்கியத்தில் வரும் 'ஸ்ட்ரீட்' இலத்தீனிலிருந்து மிகப் பழங்காலத்திலேயே வந்துவிட்ட சொல் என்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை, சேர்க்க வேண்டியதுமில்லை, ஏனெனில் கேட்பவர் எவருக்கும் அது அந்நியமாகப் படுவதில்லை. 'சரண்டர்' என்ற இடத்தில் பிறப்பால் பிரெஞ்சோ இலத்தீனோ அல்லாத 'கிவ் அப்' என்பதை வைத்துப் பாருங்கள். பேச்சுவழக்கின் தளர்ச்சி வந்து, அதுவரை அடுக்கி வந்த அணி அப்படியே சரிந்துவிடும். அங்கே வேலை செய்வது சொல்லின் பிறப்பிடம் அல்ல. அதன் எடையும் அது வழக்கமாக நிற்கும் இடமும்தான்.

பிறப்பும் புழக்கமும் ஒருசேர உதவும் இடங்களும் உண்டு, அவற்றுள் நான் மிகவும் விரும்புவது மேக்பெத்தின் இரண்டாம் அங்கத்தில் வருகிறது. அரசனைக் கொன்றுவிட்டு வந்து நிற்பவன் தன் கையைப் பார்க்கிறான். கடல் முழுவதும் சேர்ந்தாலும் இந்த இரத்தத்தைக் கழுவுமா என்று கேட்டு, இல்லை, இந்தக் கைதான் 'தி மல்ட்டிட்யூடினஸ் சீஸ் இன்கார்னடைன்', அதாவது பரந்து திரண்ட கடல்களையெல்லாம் சிவக்கவைத்துவிடும், என்கிறான். அடுத்த வரியிலேயே 'மேக்கிங் தி க்ரீன் ஒன் ரெட்', பச்சையை ஒரே சிவப்பாக்கி, என்று முடிக்கிறான். ஐந்து அசை நீளும் 'மல்ட்டிட்யூடினஸ்' என்ற சொல்லில் கடலின் பரப்பே அலையடிக்கிறது. 'இன்கார்னடைன்' என்ற நிறப்பெயரை ஷேக்ஸ்பியர் வினையாக்குகிறார். இது உயர்வுநவிற்சி, ஐயமில்லை. ஆனால் அதற்கடுத்து வரும் சொற்கள் ஒரு குழந்தைக்கும் தெரிந்தவை: பச்சை, சிவப்பு. இலத்தீன் வேர்ச் சொற்கள் விளங்காத பார்வையாளருக்காக அந்த வரி எழுதப்பட்டது என்று விளக்கம் சொல்வதுண்டு. அந்தப் பயனும் இருக்கலாம். எனக்கோ, பெரிய சொற்களுக்குப் பின்னால் சற்று நேரம் ஒளிந்துகொண்டிருந்த மனம், தான் செய்ததை வெறும் நிறமாகக் கண்டுவிடும் கணம் என்றே அது படுகிறது. உயர்வுநவிற்சி என்று ஓரத்தில் குறித்துவிட்டு நகர்ந்தால் இந்த இறக்கம் கண்ணில் படவே படாது.

இதே இறக்கம் சிரிக்கவும் வைக்கும். பட்டியலில் நீங்கள் படித்த ஸூக்மாவை நம் தீவக அணியோடு ஒப்பிடலாம். ஓரிடத்தில் ஏற்றிய விளக்கு பல இடங்களுக்கும் ஒளி தருவதுபோல ஒரு சொல் பலவற்றோடு சென்று இயைவது தீவகம். ஸூக்மா அதில் ஒரு குறும்பைச் சேர்க்கிறது. டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் சீட்டாட்டத்தில் மனம் நொந்த ஒரு பெண்மணி, கண்ணீர் வெள்ளத்திலும் ஒரு பல்லக்கு நாற்காலியிலுமாக வீடு போய்ச் சேர்கிறார். கண்ணீர் வெள்ளம் சோக நாவல்களின் தேய்ந்த நூல்வழக்கு. பல்லக்கு நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும் ஊர்தி. ஒரே வேற்றுமை உருபு இரண்டையும் சமமாக ஏற்றுக்கொண்டவுடன் வெள்ளம் வற்றிவிடுகிறது.

உங்கள் பேராசிரியர் சொன்ன விதி, ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய கட்டுரை ஒன்றால் புகழ்பெற்றது: சின்னச் சொல் போதுமான இடத்தில் நீளமான சொல்லை ஒருபோதும் பயன்படுத்தாதே. (அவருடைய வாக்கியத்தில் பயன்படுத்து என்று பொருள்படும் 'யூஸ்' பிரெஞ்சிலிருந்து வந்தது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.) தொடக்க நிலையில் எழுதுபவருக்கு நல்ல விதிதான். ஆனால் ஆர்வெல்லின் உண்மையான கோபம் சொல்லின் நீளத்தின் மீது இருந்ததாக நான் நினைக்கவில்லை. பாதுகாப்பற்ற கிராமங்களின் மேல் குண்டு வீசி மக்களை விரட்டியடித்துவிட்டு அதற்கு 'பஸிஃபிகேஷன்', அதாவது அமைதிப்படுத்தல், என்று பெயர் வைப்பதை அவர் சுட்டிக்காட்டினார். அது மங்கல வழக்கு என்னும் உத்தி; இலத்தீன் அடுக்கின் குளிர்ச்சி இல்லாமல் அந்த உத்தியால் இவ்வளவு தூரம் போயிருக்க முடியாது.

அணிகளின் பெயர்களே எந்த அடுக்கைச் சேர்ந்தவை என்று பார்த்தீர்களா? பெரும்பாலும் கிரேக்கம். 1589இல் வெளிவந்த ஆங்கிலக் கவிதையியல் நூலில் ஜார்ஜ் பட்டன்ஹாம் அவற்றுக்கு நாட்டுப் பெயர்கள் சூட்டினார். ஐரனிக்கு 'ட்ரை மாக்', அதாவது ஈரமற்ற கேலி. ஹைப்பர்பொலிக்கு, அதாவது உயர்வுநவிற்சிக்கு, 'லவுட் லையர்', உரக்கப் பொய் சொல்பவன். அந்தப் பெயர்கள் நிலைக்கவில்லை. ஒரு கலைச்சொல் தானே சிரிக்கவும் திட்டவும் தொடங்கினால் அதை வைத்துக்கொண்டு எதையும் நிதானமாக ஆராய முடியாது என்பது காரணமாக இருக்கலாம். ஆனாலும் தேர்வுக்குப் படிக்கும்போது இந்த இரண்டு பெயர்களையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியலைவிட அவை கூடுதலாகக் கற்றுத்தரும்.

இனி 'கமென்ஸ்'. அகராதிப்படி அதில் பிழையே இல்லை. 'பிகின்' என்பதன் அதே பொருள்தான். அந்தச் சொல் வழக்கமாக நிற்பது விசாரணை தொடங்கும் இடத்திலும், ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் இடத்திலும், போர் மூளும் இடத்திலும். உங்கள் மின்னஞ்சலின் மற்ற சொற்கள் எல்லாம் நண்பரோடு பேசும் அடுக்கில் இருந்திருக்கும். அவற்றின் நடுவே அது மட்டும் அங்கியோடு வந்து நின்றிருக்கிறது. அற்பச் செயலை வீரகாவிய மொழியில் சொல்லிச் சிரிக்கவைக்கும் உத்தி ஒன்று உண்டு, அலெக்ஸாண்டர் போப் அதில் கைதேர்ந்தவர். நீங்கள் அறியாமலேயே அதைச் செய்துவிட்டீர்கள். அந்த நாவல் ஆயிரம் பக்கமாக இருந்து, அதைப் பார்த்து மலைத்த நிலையில் வேண்டுமென்றே அப்படி எழுதியிருந்தால், வாக்கியத்தில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்காது. உங்கள் நண்பர் அப்போதும் சிரித்திருப்பார், நீங்கள் எதிர்பார்த்த இடத்தில்.

அன்புடன்,
ஆசிரியர்