பயிற்சியாளர் வேலைக்கான நேர்காணலில் கேட்கும் 'டெமோ' என்றால் என்ன? எப்படித் தயாராவது?

நேர்காணல் செய்பவர்களையே பயிற்சிக்கு வந்தவர்களாக வைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் நீங்கள் நடத்திக்காட்டும் சிறு வகுப்புதான் டெமோ. உங்களுக்கு விஷயம் தெரியும் என்பதை பயோடேட்டா சொல்லிவிடும். எதிரில் இருப்பவர் கற்றுக்கொள்கிறாரா என்பதை நடத்தினால்தான் பார்க்க முடியும். சமையலுக்கு ஆள் எடுக்கும்போது ரசம் வைக்கச் சொல்வதைப் போல.

பத்து நிமிடத்துக்கு ஒரே ஒரு திறன் போதும். உதாரணமாக, கோபமாக வரும் வாடிக்கையாளரிடம் முதல் இரண்டு வாக்கியம் என்ன பேசுவது. எதற்காக இது என்று 1 நிமிடம் சொல்லுங்கள், 3 நிமிடம் செய்துகாட்டுங்கள், 4 நிமிடம் அவர்களைச் செய்யவிடுங்கள், மீதி 2 திருத்தத்துக்கு. பலர் சறுக்குவது இங்கேதான்: 20 ஸ்லைடு கொண்டுபோய், செய்யவிடும் நேரத்தை அதுவே தின்றுவிடும். புரொஜெக்டர் மக்கர் பண்ணலாம். பையில் ஒரு மார்க்கர் இருக்கட்டும்.

'பயிற்சி பலன் தந்ததா என்று எப்படி அறிவீர்கள்?' என்றும் கேட்பார்கள். பயிற்சியின் பலனை அளக்க அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் எழுதத் தொடங்கிய நான்கு படிகள் கைகொடுக்கும்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, நிறுவனத்தில் என்ன மாறியது. கருத்துப் படிவ மதிப்பெண்ணை மட்டும் சொன்னால் முதல் படியோடு நின்றுவிட்டீர்கள்.

சரளமாகப் பேசினால் வேலை கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். டெமோவில் பாதி நேரம் நீங்கள் வாய் மூடியிருந்தாலும் அது குறையல்ல.