கலம் என்றால் நெல்லா, கப்பலா?

கேள்வி: நான் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள். 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தை மூன்று முறை எடுத்து, மூன்று முறையும் பாதியில் வைத்துவிட்டேன். சிவிகை, புரவி, கொத்தளம் என்று பக்கத்துக்கு நாலு சொல் இடறுகிறது. அகராதியைத் தேடினால் கதை விட்டுப்போகிறது. என்ன செய்ய?
- ஒரு வாசகி, மண்டபம்

பதில்: முதலில் அகராதியை மூடி வையுங்கள், அம்மா. அந்தக் கதை 1950 முதல் 1954 வரை வாராவாரம் பத்திரிகையில் வந்தது. அடுத்த இதழுக்குக் காத்துக் கிடந்தவர்கள் எல்லோரும் புலவர்களா என்ன? ஆள்கள் தோளில் தூக்கிப் போனால் சிவிகை பல்லக்குதான். வந்தியத்தேவன் தட்டிவிட்டதும் பாய்ந்தால் புரவி குதிரைதான். வேளக்காரப் படை யார் என்பதைக் கல்கியே கதைக்குள் சொல்லிவிடுகிறார். புரியாத சொல்லின் மேல் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். அத்தியாயம் முடியும்போது பாதிப் புள்ளியை அழித்துவிடலாம்.

மீதிக்கு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இருக்கிறது. இணையத்திலேயே தேடலாம். ஆனால் அதிலும் ஒரு சொல்லுக்குப் பல பொருள் வரும். 14 வயதில் ஏதோ ஒரு சரித்திரக் கதையில், துறைமுகத்தில் நூறு கலம் நின்றது என்று படித்துவிட்டு, நெல் குவியலைக் கற்பனை செய்துகொண்டு நாலு பக்கம் ஓட்டியவன் நான். எங்கள் வீட்டில் கலம் என்றால் 12 மரக்கால் நெல்! உண்கலம், அணிகலம், மரக்கலம் என முன்னால் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். ஒட்டு இல்லையா, பக்கத்து வாக்கியத்தைப் பாருங்கள்.

சரி, மண்டபத்தில் இருந்துகொண்டு கடல் சொற்களுக்கு நீங்கள் பயப்படலாமா? 'அணியம் - கப்பலின் முன்பகுதி' என்று நானும் ஒரு காலத்தில் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். அன்று சாயங்காலமே தொண்டிக் கரையில் வத்தை என்ற படகை இழுக்கும்போது தாத்தா கத்தினார்: "அணியத்தைப் பிடிடா!" பிறந்ததிலிருந்து கேட்ட சொல். புத்தகத்தில் வந்ததும் யாரோ வெளியூர்க்காரர் மாதிரி தெரிந்திருக்கிறது. சுக்கான், பாய் கட்டும் பருமல், காற்றுகளின் பெயரான வாடை, கொண்டல், கச்சான் எல்லாம் இப்படித்தான்.

உங்கள் தெருவில் பாய் விரித்து ஓடிய பெரியவர் யாராவது இருப்பார். கதையில் வரும் பூங்குழலி படகு விடும் இடங்களை அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். "அந்தக் காத்துல அப்படிப் போக முடியாதும்மா" என்று கல்கியையே திருத்தினாலும் திருத்துவார். அதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.