எல்லா டெஸ்டும் நார்மல், ஆனால் உடம்பெல்லாம் வலி: ஃபைப்ரோமயால்ஜியாவா?

கேள்வி: எனக்கு 43 வயது, பள்ளி ஆசிரியை. ஒன்றரை வருடமாகக் கழுத்து, இரண்டு தோள்பட்டை, மேல்முதுகு, கீழ்முதுகு, இரண்டு தொடை எல்லாம் வலிக்கின்றன. எட்டு மணி நேரம் தூங்கினாலும் அடித்துப் போட்ட மாதிரிதான் எழுந்திருக்கிறேன். தினமும் பார்க்கும் மாணவர்களின் பெயரே மறந்துபோகிறது. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. எல்லாம் நார்மல். ஏ.என்.ஏ. மட்டும் 1:80 பாசிட்டிவ். ஒரு டாக்டர் டென்ஷன் என்கிறார், இன்னொருவர் ஃபைப்ரோமயால்ஜியாவாக இருக்கலாம் என்கிறார். வலி மாத்திரை போட்டுத்தான் பள்ளிக்கே போகிறேன். இதை எப்படி உறுதி செய்வது? வேலையை விட்டுவிடலாமா?

பதில்: உங்கள் வலி நிஜமானது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். டெஸ்ட் நார்மல் என்றால் நோயே இல்லை என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் நோயாளிகளிடமும் இருக்கிறது, மருத்துவர்களிடமும் இருக்கிறது. உடல் முழுதும் பரவி நீடிக்கும் வலியோடு களைப்பும் தெளிவில்லாத தூக்கமும் மறதியும் சேர்ந்ததுதான் ஃபைப்ரோமயால்ஜியா. அதை ரத்தத்திலோ ஸ்கேனிலோ காட்டித் தரும் டெஸ்ட் இன்றுவரை கிடையாது. கேட்டும் தொட்டுப் பார்த்தும்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நோயாளியை நிதானமாகப் பேச விட வேண்டும். கூட்டம் நெரியும் ஓ.பி.யில் அது நடப்பதில்லை. அதனால்தான் பலர் வருடக்கணக்கில் அலைகிறார்கள்.

1990-ல் அமெரிக்க ருமட்டாலஜி (மூட்டு, வாதநோய் மருத்துவ) அமைப்பு வகுத்த முறையில், உடலில் 18 இடங்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்போம். அழுத்துபவரின் நகம் வெளுக்கும் அளவுக்கு, அதாவது சுமார் 4 கிலோ அழுத்தம். 11 இடங்களிலாவது வலித்தால் இந்த நோய் என்று கணக்கு. 2010-ல் இது கேள்விகளாக மாறியது, 2016-ல் திருத்தப்பட்டது. இப்போது 19 இடங்களின் பட்டியலில் போன ஒரு வாரத்தில் எங்கெல்லாம் வலித்தது என்று எண்ணுகிறோம். அப்புறம் களைப்பு, எழுந்ததும் தெளிவில்லாமை, மறதி மூன்றுக்கும் தலா 0 முதல் 3 வரை மதிப்பெண். கடந்த ஆறு மாதத்தில் தலைவலி, அடிவயிற்று வலி, மனச்சோர்வு இருந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் 1. வலிக்கும் இடங்கள் 7-க்கு மேலோ சமமாகவோ, மற்ற மதிப்பெண் 5-க்கு மேலோ சமமாகவோ இருந்து, உடலின் ஐந்து பகுதிகளில் நான்கிலாவது வலி பரவி, மூன்று மாதம் நீடித்திருந்தால் பொருந்துகிறது. இடங்கள் 4 முதல் 6 என்றால், மற்ற மதிப்பெண் 9-ஆவது வேண்டும்.

நீங்கள் எழுதியதை வைத்து எண்ணினால் இடங்கள் ஏழு. இரண்டு கைப்பக்கம், இரண்டு கால்பக்கம், நடு உடல் என்று ஐந்து பகுதிகளும் வந்துவிட்டன. தூக்கமும் மறதியும் களைப்பும் சேர்ந்தால் 5 மதிப்பெண் எளிதாகத் தாண்டும். ஆகவே இரண்டாவது டாக்டர் சொன்னதில்தான் நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆனால் நேரில் பார்க்காமல் முத்திரை குத்தக் கூடாது. இதே மாதிரி வலி தரும் வேறு சிலவற்றைப் பார்த்தாக வேண்டும்.

தைராய்டு குறைவு, வைட்டமின் டி மிகக் குறைந்து எலும்பு மென்மையாவது, கொலஸ்ட்ராலுக்குப் போடும் ஸ்டாட்டின் மாத்திரை, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு எல்லாம் இதில் அடக்கம். சிக்குன்குனியா வந்து போனதா என்றும் யோசியுங்கள். 2006-ல் தமிழ்நாட்டில் அது பரவியபோது, காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் வலியோடு இருந்தவர்கள் ஏராளம். ரத்த அணுக்களின் எண்ணிக்கை, உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., தைராய்டுக்கான டி.எஸ்.எச்., வைட்டமின் டி இவ்வளவு பார்த்தால் பெரும்பாலும் போதும். ஏ.என்.ஏ. என்பது உடலின் செல்களையே எதிர்க்கும் ஆன்டிபாடிகளைத் தேடும் ரத்தப் பரிசோதனை. அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆரோக்கியமானவர்களிலேயே சுமார் 13 சதவீதம் பேருக்கு 1:80 அளவில் பாசிட்டிவ் வரும். லூபஸுக்கான (நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் நோய்) அறிகுறி இல்லாதபோது அந்த டெஸ்டை எடுத்திருக்கவே தேவையில்லை.

மூட்டு கண்ணுக்குத் தெரியும்படி வீங்குவது, காய்ச்சல், எடை குறைவது, தரையில் உட்கார்ந்து எழ முடியாத அளவுக்குத் தசை பலவீனம், 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தோள், இடுப்பு இறுக்கம் ஆகியவை இருந்தால் கதை வேறு. உடனே மருத்துவரைப் பாருங்கள். முடக்குவாதமும் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய்) ஃபைப்ரோமயால்ஜியாவும் ஒருவருக்கே சேர்ந்தும் வரலாம். அப்படிப்பட்டவருக்கு மூட்டு வீக்கம் அடங்கிய பிறகும் வலி இருக்கும். அதைப் பார்த்து முடக்குவாத மருந்தை ஏற்றிக்கொண்டே போவது பெரிய தவறு.

சரி, டெஸ்டில் தெரியாத வலி எங்கிருந்து வருகிறது? 2002-ல் வெளியான ஒரு மூளை ஸ்கேன் ஆய்வில், கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு 4 கிலோவுக்குச் சற்று மேல் அழுத்தினால் வந்த வலி, இந்த நோயாளிகளுக்கு இரண்டரை கிலோவுக்கும் குறைவிலேயே வந்தது. மூளையில் வலியை உணரும் பகுதிகளும் அதற்கேற்பவே செயல்பட்டன. நரம்பு மண்டலம் வலிச்செய்தியைப் பெருக்கிக்கொள்கிறது. மிக்ஸி சத்தம், ட்யூப்லைட் வெளிச்சம், ஊதுபத்தி வாசனைகூடப் பலருக்கு எரிச்சல் தருவது இதனால்தான். மனஅழுத்தம் இதைக் கூட்டும். அதற்காக 'எல்லாம் உன் மனசுதான்' என்று சொல்வது மருத்துவப்படி தவறு, கொடுமையும்கூட.

சிகிச்சையை நான் தூக்கத்திலிருந்து தொடங்குவேன். 1970-களில் டொரோண்டோவில் மோல்டோஃப்ஸ்கி என்ற மருத்துவர், நல்ல உடல்நலம் கொண்டவர்களின் ஆழ்ந்த தூக்கத்தைக் கலைத்தபோது, சில நாட்களிலேயே அவர்களுக்கும் தசை வலி வந்தது. தினமும் ஒரே நேரத்தில் எழுங்கள், ஞாயிறு உட்பட. மாலை நான்கு மணிக்குப் பிறகு காபி, டீ வேண்டாம்.

அடுத்தது உடற்பயிற்சி. 2017-ல் ஐரோப்பிய வாதநோய் அமைப்பான யூலார் வெளியிட்ட பரிந்துரையில், அழுத்தமாக 'செய்யுங்கள்' என்று சொல்லப்பட்ட ஒரே சிகிச்சை இதுதான். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். வலி குறைந்த நாளில் தேங்கிய துணி, ஒட்டடை, அலமாரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிப்பார்கள். அடுத்த மூன்று நாள் படுக்கை. 'நடந்தால் வலி கூடுகிறது' என்று நடையையும் விட்டுவிடுவார்கள். நீங்கள் ஐந்து நிமிட நடையில் தொடங்குங்கள். நல்ல நாளிலும் ஐந்து நிமிடம், மோசமான நாளிலும் ஐந்து நிமிடம். நல்ல நாளில் கூட்டாமல் இருப்பதுதான் கஷ்டம், அதுதான் முக்கியமும். வாரத்துக்கு ஓரிரு நிமிடம் மட்டும் கூட்டி, சில மாதங்களில் அரை மணி நேரத்துக்கு வாருங்கள். ஆரம்பத்தில் வலி கொஞ்சம் கூடலாம், அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. வீட்டு வேலைக்கும் இதே கணக்குதான்: அரை மணி வேலை, பத்து நிமிடம் ஓய்வு. வீட்டில் இருக்கும் மற்றவர்களும் கை கொடுத்தாக வேண்டும். அந்தப் பேச்சுக்குக் கணவரையும் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

மருந்துகள் துணைக்குத்தான். இரவில் 10 மி.கி. அமிட்ரிப்டிலின் தூக்கத்துக்கும் வலிக்கும் சேர்த்து உதவும்; வாய் உலரும், காலையில் மந்தமாக இருக்கலாம். மனச்சோர்வு சேர்ந்திருந்தால் டுலாக்ஸெட்டின், தூக்கம் மிக மோசமென்றால் பிரிகாபலின். பிரிகாபலினில் எடை கூடும், தலைசுற்றும். எல்லோருக்கும் கேட்பதில்லை, கேட்டாலும் வலி முழுதாகப் போகாது, பாதி குறைந்தாலே நல்ல பலன். இவற்றை மருத்துவர் சொல்லாமல் தொடங்கவோ திடீரென்று நிறுத்தவோ கூடாது.

நீங்கள் தினமும் போடும் வலி மாத்திரை இந்த வலிக்குப் பெரிதாக வேலை செய்யாது. வயிறும் சிறுநீரகமும்தான் கெடும். மெடிக்கல் ஷாப்பில் செட் மாத்திரை வாங்கினீர்களா? அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். இந்த நோய்க்கு அதனால் பயனில்லை. ஆனால் வாரக்கணக்கில் போட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள். மாத்திரையைக் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டி, படிப்படியாகக் குறையுங்கள்.

வேலையை விட வேண்டாம். வீட்டில் முடங்கினால் தூக்கமும் நடையும் மனமும் சேர்ந்து கெடும். முதல் பீரியடைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா, வகுப்பில் நாற்காலி போட்டுக்கொள்ளலாமா, கரும்பலகையில் எழுதும் வேலையை மாணவர்களிடம் கொடுக்கலாமா என்று தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள். ஒரு ருமட்டாலஜிஸ்டையோ, பொறுமையாகக் கேட்கும் பொதுமருத்துவரையோ பிடித்துக்கொண்டு, அவரிடமே தொடர்ந்து போங்கள். போகும்போது வலிக்கும் இடங்கள், தூங்கி எழுந்த நேரம், போட்ட மாத்திரைகள் மூன்றையும் இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போனால், புதிதாக ஒரு எம்.ஆர்.ஐ. எடுப்பதைவிட அவருக்கு அதுதான் உதவும்.